காத்து வழி போன கல்யாணப் பத்திரிகை

கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்து உக்காருங்க அண்ணாச்சி, பைய மடியில வச்சுக்கிறேன். கசங்கக் கூடாத சாமான். கல்யாணப் பத்திரிகை. மகளுக்கு. மதுரையில சொந்தக்காரங்களுக்கு வைக்கப் போறோம்.

உங்க மடியில இருக்கிறது பிரிண்டர்தானே? பெட்டியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. இதே கம்பெனிதான் நம்ம வீட்லயும். வயர் மாட்டுறதா, வயர் இல்லாததா? ரெண்டுமா? எங்கிட்டயும் கடைக்காரரு அதத்தான் சொன்னாரு. "ரெண்டு வழியும் இருக்கு சார், எது தோதோ அதுல போட்டுக்கலாம்"னாரு. நல்லாத்தான் சொன்னாரு. வீட்டுக்குப் போயி அத மாட்டுறதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு பாக்கணும். என்னன்னு கடைசில சொல்றேன். மதுரை போக நேரம் கிடக்கு.

டிக்கெட்டா? எனக்கு எடுத்தாச்சு கண்டக்டர் தம்பி. இந்த அண்ணாச்சிக்கு மட்டும் குடுங்க. யாரு எடுத்தாகளா? அதுவும் கதையில வரும். மெதுவாப் பேசுவோம், முன் சீட்டுல ஆளு தூங்குது.

எனக்குச் சிவகாசிதான். ஆயுசு பூரா ஆஃப்செட் மிஷின்ல நின்னவன். காலண்டர், தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை. ஊர்ல பாதிப் பேரு கல்யாணம் நம்ம கையிலதான் ஓடிச்சு. அதுக்கப்புறம் அவுக குடும்பம் எப்படி ஓடிச்சுங்கிறதுக்கு நான் பொறுப்பில்ல. பேரு தங்கமாரியப்பன். தங்கமாரியப்பன் பி.ஏ. பகல்ல மிஷின், சாயந்தரம் காலேஜு. கை மை போகாமலே பரீச்சைக்குப் போயி உக்காருவேன். தாள் பூரா பெருவெரல் பதிஞ்சிருக்கும். வாங்க வந்த வாத்தியாரு, "இது என்னய்யா, பரீச்சையா பத்திர ஆபீஸா?"ன்னாரு. பொருளாதாரம் படிச்சேன். வீட்டுப் பொருளாதாரம் அதுக்குப் பெறகும் அப்படியேதான் இருந்துச்சு.

பி.ஏ.வ எதுக்குச் சொல்றேன்னா, சண்டையே அதுலதான்.

எங்க அக்கா செல்லக்கனி. அவ வீட்டுக்காரரு தவசிலிங்கம். தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, புலவர் பட்டம் வாங்குனவரு. எங்க அப்பா இருந்த வீட்ட நடுவுல ஒரு சுவரு வச்சு, இந்தப் பாதி எனக்கு, அந்தப் பாதி அக்காவுக்குன்னு குடுத்துட்டுப் போனாரு. ஒரே சுவரு. அத்தான் அங்க தும்முனா இங்க நாங்க "நூறு"ம்போம். அப்படி இருந்தோம்.

அத்தான் மகனுக்குக் கல்யாணம் வந்துச்சு. பத்திரிகைய எங்க பிரஸ்ல குடுத்தாரு. ப்ரூஃப் நம்ம கைக்கு வருது. வாசிக்கேன். பெரியப்பா பேரு, பின்னாடி எம்.ஏ., பி.எட். சித்தப்பா பேரு, பின்னாடி பி.இ. ஒண்ணுவிட்ட பங்காளி ஒருத்தரு, எங்கயும் பாத்ததே இல்ல, அவருக்குக்கூட டிப்ளமா போட்டிருக்கு. கீழ தாய்மாமன்னு நம்ம பேரு. தங்கமாரியப்பன். அவ்வளவுதான். மொட்டையா நிக்குது.

நான் என்ன செஞ்சேன்? ஓகேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.

என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்கீக? "அத்தான், என் பட்டம் விட்டுப்போச்சு"ன்னு நானே போயிக் கேக்கணுமாக்கும்? கேட்டு வாங்குனா அதுக்குப் பேரு பட்டமா? தமிழ் சொல்லிக் குடுத்தவருக்குத் தானா தோணணும். நானே பிளேட் மாட்டி, நானே மை ஊத்தி, நானே ஓட்டுனேன். ஒவ்வொரு தாளும் வந்து விழும்போது "மொட்ட, மொட்ட"ன்னு மிஷினே சொல்ற மாதிரி இருக்கு. ஆனா கடமையில குறை வைக்கல. கல்யாணத்துக்குப் போனேன், தாய்மாமன் சீரு செஞ்சேன், கடைசிப் பந்தி எந்திரிக்கிற வரைக்கும் சாம்பார் வாளியோட நின்னேன். வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டுனேன், பேச்ச நிறுத்திட்டேன்.

எதுக்குப் பேசலன்னு அத்தானுக்குத் தெரியவே இல்ல. அது தெரியலங்கிறதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவரு வாத்தியாரு பாருங்க, "அவனா வந்து பேசட்டும், பேசுறேன்"ன்னு உக்காந்துட்டாரு. மொதல்ல வாயத் தெறக்கிறது யாருன்னு ரெண்டு பேரும் அப்படியே இருந்தாச்சு. பொம்பளைங்க மட்டும் கொல்லையில சுவத்துக்கு மேல குழம்புக் கிண்ணத்த மாத்திக்கிட்டாக. நான் கண்டுக்கல. குழம்புக்கும் எனக்கும் என்ன சண்ட?

முன்னாடியெல்லாம் ரெண்டு வீட்டுக்கும் ஒரே நெட்டு. கனெக்‌ஷன் அத்தான் வீட்ல. பாஸ்வேர்டு எங்களுக்கும் தெரியும். பேச்சு நின்னதும் நான் தனியா ஒரு கனெக்‌ஷன் போட்டுட்டேன். "அந்த வீட்டுக் காத்துகூட இனி நமக்கு வேண்டாம்"னு வீட்டுக்காரி ஜெயமணிகிட்டச் சொன்னேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டே, "அப்ப சன்னலச் சாத்திருங்க"ன்னா. கொள்கைன்னா என்னன்னு அவளுக்குத் தெரியாது.

திருத்தங்கல் போயிருச்சா? பேச்சுல தெரியல.

சரி, மக பொன்மலரு. சென்னையில வேல பாக்கா. மாப்பிள்ள அமைஞ்சாச்சு, மொதல்ல ஒரு வெள்ளிக்கிழமை முகூர்த்தம் குறிச்சோம். மண்டபம் கிடைக்கல. ஞாயித்துக்கிழமைக்கு மாத்துனோம். பத்திரிகைய நானே கம்ப்யூட்டர்ல போடுறேன்ப்பான்னா. "உங்க பிரஸ்ல போடுற பிள்ளையாரு, கடன் கேட்டு வந்தவரப் பாக்கிற மாதிரியே பாக்காரு"ங்கா. சரி, உன் இஷ்டம்னேன்.

ஒரு நா போன் பண்ணி, "அப்பா, மாமா பேரு எங்க வருது?"ன்னு கேட்டா.

"எந்த மாமா?"ன்னேன்.

அவளப் பள்ளிக்கூடத்துல விட்டது, கூட்டியாந்தது, வாய்ப்பாடு ஒப்பிக்க வச்சது எல்லாம் அத்தான்தான். நான்தான் மிஷின்ல நின்னுக்கிட்டு இருந்தேன்ல. அப்புறம் சொன்னா, "ஒரு வரி காலியா விட்டு அனுப்புறேன். நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா அந்த வரி காலியாவே அச்சாகி வந்துச்சுன்னா, மணவறையில நான் உங்க மூஞ்சியப் பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

எங்கிட்ட வளந்த பிள்ளையில்ல, வாத்தியாருகிட்ட வளந்த பிள்ள. சொன்னாச் செய்வா.

பிரஸ்ஸுக்கும் என் போனுக்கும் அனுப்பிட்டா. போன்ல பாத்தா எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. "பெருசாக்கிப் பாருங்கப்பா"ங்கா. பெருசாக்குனா பிள்ளையாரு தும்பிக்க மட்டும் தெரியுது. அண்ணாச்சி, ப்ரூஃப்னா தாள்ல பாக்கணும். போன்ல பாத்து ஓகே சொல்றது, பந்திய எட்டிப் பாத்துட்டு வயிறு நெறைஞ்சுதுங்கிற மாதிரி. ஜெராக்ஸ் கடையா? நல்லாக் கேட்டீக. ஆயுசு பூரா மிஷின்ல நின்னவன் ஜெராக்ஸ் கடை வாசல்ல போயி வரிசையில நிக்கவா? அதான் பிரிண்டரு வாங்குனேன்.

கொண்டாந்து முன் ரூம்ல, அந்த நடுச்சுவத்த ஒட்டி மேஜ போட்டு வச்சேன். பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு. நான் ஓட்டுன மிஷின்ல இது சுண்டெலி மாதிரி. இத அடக்க முடியாதான்னு உக்காந்தேன். வயர் இல்லாம மொதல்ல பாத்தோம். பட்டன அமுக்குனா லைட்டு சிமிட்டுது. நம்ம நெட்டுப் பெட்டி அடுப்படிப் பக்கம் இருக்கு. "ரெண்டும் ஒண்ணையொண்ணு தேடுதுப்பா, பொறுங்க"ன்னு போன்ல சொன்னா பொன்மலரு. தேடுச்சு தேடுச்சு, நாங்க சாப்பிட்டு எந்திரிச்சு வந்தும் தேடிக்கிட்டே இருக்கு. ஜெயமணி எட்டிப் பாத்துட்டு, "எனக்கு மாப்பிள்ள பாத்ததுகூட இவ்வளவு நாளாகல"ன்னுட்டுப் போனா.

எனக்கு வயர்லதான் நம்பிக்க. அடுப்படியிலருந்து முன் ரூமுக்கு நீளமா ஒரு வயர் வாங்கி, நிலைக்கு மேல ஆணியடிச்சு இழுத்து, நெட்டுப் பெட்டியில ஒரு முனை, பிரிண்டர்ல ஒரு முனை மாட்டியாச்சு. சிமிட்டுறது நின்னு லைட்டு திடமா எரியுது. பட்டன அமுக்குனேன், சோதனத் தாளு ஒண்ணு கர்ர்ன்னு வெளிய வந்துச்சு. ஜெயிச்சாச்சு!

இப்ப போன எடுத்து, பத்திரிகையத் தெறந்து, பிரிண்ட்டத் தொட்டேன். பிரிண்டர் பேரு வந்துச்சு, பெட்டியில போட்டிருக்கிற அதே பேரு. தொட்டேன். "அச்சாகிவிட்டது"ங்குது போனு. குனிஞ்சு பாக்கேன். தாளு இல்ல.

மறுபடி தொட்டேன். அச்சாகிவிட்டது. தாளு இல்ல.

அப்பத்தான் சுவத்துக்கு அந்தப் பக்கம் கர்ர்ன்னு ஒரு சத்தம். அத்தான் வீட்லயும் பிரிண்டரு உண்டு. இலக்கிய மன்றம்னு ஒண்ணு வச்சிருக்காரு, அதுக்கு நோட்டீஸ் அடிக்க வாங்குனது. நான் பிரிண்டரு வாங்குன செய்தி காதுக்குப் போயிருச்சு, எங்கிட்டயும் இருக்குன்னு காட்டுறாருன்னு நெனச்சேன். நான் தொட்டா அங்க கர்ர். நான் நிறுத்துனா அங்கயும் நிக்குது. மறுபடி தொட்டா மறுபடி கர்ர். "பாத்தியா ஜெயமணி, வேணும்னே செய்யிறாரு!"ன்னு கத்துனேன். எனக்கும் ரோசம் வந்துருச்சு. நான் விடுவேனா? தொட்டுக்கிட்டே இருக்கேன். அவரும் விடல.

சிரிங்க, சிரிங்க. வெள்ளரிக்கா வேணுமா? விருதுநகரு வந்தாச்சு. வேண்டாமா?

இதுக்குள்ள பிரஸ்ஸுலருந்து போனு. "அண்ணாச்சி, முகூர்த்த சீசன், மிஷின் சும்மா நிக்குது. ஓகேவா இல்லயா? சொன்னா இப்பவே பிளேட் போட்டுருவேன்"ங்கான். எனக்கு வந்த வெறுப்புல, "ஓகேப்பா, போட்டுரு"ன்னுட்டேன். காலி வரியா? காலியாவே போகட்டும். மக மூஞ்சியப் பாக்காட்டி, பெறகு பாத்துக்கலாம். அப்ப அப்படித்தான் தோணுச்சு.

போன வைக்கேன், வாசல்ல அக்கா. பேச்சு நின்னதுக்கப்புறம் அவ எங்க வீட்டு முன்வாசல மிதிச்சதில்ல. கொல்லப்பக்கத்தோட சரி. கையில ஒரு கட்டுத் தாளு.

"ஏன் தம்பி, கல்யாணத்துக்கு அழைக்கிறதுன்னா, தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சு, புருசன் பொண்டாட்டியா வந்து, நேர்ல குடுக்கணும்பாக. நீ காத்து வழியா அனுப்பிட்டியே! அதுவும் ஒண்ணு அனுப்புனாப் பத்தாதா? இந்தக் கட்ட வச்சு நாங்க தனியா ஒரு கல்யாணம் நடத்தலாம் போலருக்கே!"

வாங்கிப் பாக்கேன். என் மக பத்திரிகை. அத்தனையும். கடைசித் தாள்ல பிள்ளையாருக்கு மை பத்தாம வெளுத்துப் போயிட்டாரு.

"உங்க அத்தான் மன்றத்துக்கு வச்சிருந்த தாள் பூரா போச்சு. மொதத் தாளு வந்ததும் மனுசன் கண்ணாடியத் தேடி மாட்டுனாரு. 'செல்லம், அழச்சுட்டான்டி'ன்னாரு. அடுத்து ஒண்ணு வந்துச்சு. 'ரொம்ப வற்புறுத்தி அழைக்கான்'னாரு. அப்புறமும் வரவும் பெட்டிய நிறுத்தத் தெரியாம முழிக்காரு." சொல்லிட்டு அவ சிரிக்கா, கண்ணு என்னமோ கலங்கியிருக்கு. "நாங்க வர்றோம்ப்பா. இத்தன தடவ அழச்சா யாருதான் வராம இருப்பாக?"

நான் எங்க அழச்சேன்? அது மிஷின் கோளாறு. சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள கட்டுல மேல இருந்த தாள உருவி நீட்டுனா. "இத மட்டும் தனியாப் பாரு. திருத்திக் குடுக்கச் சொன்னாரு."

செவப்பு மையி. வாத்தியாரு கையெழுத்து, முத்து முத்தா. ஞாயித்துக்கிழமைக்குத் தேதிய மாத்துன எம்மக, கிழமைய மாத்தல. வெள்ளின்னே நிக்குது. காலண்டரப் பாத்து அத அடிச்சுட்டு, மேல 'ஞாயிறு'ன்னு எழுதியிருக்காரு. அந்தப் பிளேட்டு ஓடியிருந்தா, வெள்ளிக்கிழமை சொந்தபந்தம் பூரா வேற யாரோ வீட்டுக் கல்யாணத்துல போயி நின்னிருக்கும். அவரு பேசாம இருந்திருக்கலாம் அண்ணாச்சி. பத்திரிகையில அவரு பேரும் இல்ல, பேச்சும் இல்ல. சும்மா இருந்து வேடிக்க பாத்திருக்கலாம்.

அதுக்குக் கீழ இன்னொரு செவப்பு. பொண்ணோட அப்பான்னு என் பேரு இருக்கிற எடம். தங்கமாரியப்பன். மொட்டையாத்தான் இருந்திருக்கு! பொன்மலரு விட்டுட்டா. சின்னப் பிள்ள, ஆயிரம் வேலையில மறந்திருப்பா, அதப் பெருசு பண்ணக் கூடாது. அந்தப் பேருக்குப் பின்னால ஒரு அம்புக்குறி போட்டு, செவப்புல, 'பி.ஏ.'

அக்கா சொல்றா, "இதப் பாத்துட்டுத்தான் ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. 'இதுவாடி? இதுக்காகவா இவன் என்கூடப் பேசாம இருக்கான்? அன்னிக்கு நானும் விட்டுருக்கேன்போல. ப்ரூஃப் அவன்தானடி பாத்தான், ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?'ன்னாரு."

அது வேற விசயம்.

காலியா ஒரு வரி இருந்துச்சுல்ல? அந்த வரியத் தேடுனேன். ஒரு புள்ளிகூட வைக்கல மனுசன். பேனா அந்தப் பக்கமே போகல. எனக்கு எழுதுனவரு தனக்கு எழுதிக்கல.

பிரஸ்ஸுக்குப் போன் போட்டு, "நிறுத்துடா, பிளேட்டத் தொடாத!"ன்னு கத்துனேன். பொன்மலரக் கூப்பிட்டு மூணு திருத்தம் சொன்னேன். கிழமை. பட்டம். காலி வரியில 'புலவர் தவசிலிங்கம், தமிழாசிரியர், ஓய்வு.' அவ அழறாளா சிரிக்காளான்னு தெரியல. "என்னப்பா திடீர்னு?"ங்கா. காலி வரி விட்டா டிசைனு நல்லா இருக்காதும்மான்னேன். நிசந்தான் அண்ணாச்சி. நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்கும். அச்சுக்காரன் கண்ணு பொறுக்குமா? அதுக்காகத்தான் போட்டேன், வேற ஒண்ணுமில்ல.

அவதான் கேட்டா, "அப்பா, உங்க போன்ல வைஃபை பேரு என்ன இருக்குன்னு பாருங்க." பாத்தா, அத்தான் வீட்டுப் பேரு. கொள்கையெல்லாம் எனக்குத்தான் இருந்திருக்கு, போனுக்கு இல்ல. நம்ம பெட்டி அடுப்படியில, அத்தான் பெட்டி சுவத்துக்கு அந்தப் பக்கம். கிட்ட இருக்கிறத, பழகுனத, அதுவாப் போயிப் புடிச்சுக்கிருமாம். தனிக் கனெக்‌ஷன் போட்டதுலருந்து முன் ரூம்ல உக்காந்து நான் பாத்த செய்தி, கேட்ட பாட்டு, எல்லாம் அத்தான் வீட்டுக் காத்துலதான். பிரிண்டர் நம்ம வயர்ல, போனு அவரு காத்துல. அதான் பக்கத்துல இருக்கிற பிரிண்டர அதுக்குத் தெரியல. அந்த வீட்டுப் பிரிண்டரும் இதே கம்பெனி, இதே பேரு. எனக்கு வித்தியாசம் தெரியல.

பாஸ்வேர்ட மாத்தியிருந்தார்னா இந்த வம்பே இல்ல. சண்ட போட்ட வீடுன்னா மொத வேலையா அதத்தான மாத்துவாக? மாத்தவே இல்ல. பழைய பாஸ்வேர்டேதான் கிடக்கு. என்ன பாஸ்வேர்டா? பொன்மலர். எம்மக பேருதான். வாத்தியாருக்கு மறதி ஜாஸ்தி, வேறென்ன.

இதத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பிரிண்டரும் போனும் ஒரே நெட்டுல இருக்கான்னு மொதல்ல பாத்துருங்க. வயரோ வயர் இல்லாததோ, அது அப்புறம்.

பெறகு என்ன, தாம்பாளம் வச்சு நானும் ஜெயமணியும் முன்வாசல் வழியாப் போயி மொதப் பத்திரிகைய அவுகளுக்குத்தான் வச்சோம். அத்தான் வாங்கிக்கிட்டாரு. நான் பேசல. அவரும் பேசல. ஜெயமணி பேசுனா, அக்கா பேசுனா. நான் காபி குடிச்சேன். போன வாரம் பொன்மலரு வந்து, ரெண்டு பிரிண்டரையும் ஒரே நெட்டுல போட்டு, ஒண்ணுக்கு 'மாமா', ஒண்ணுக்கு 'அப்பா'ன்னு பேரு வச்சுட்டுப் போனா. அதுலருந்து ஒரு சௌகரியம். முந்தாநா வெள்ளிக்கிழமை நம்ம பிரிண்டரு தானா கர்ர்ங்குது. எடுத்துப் பாத்தா, "ஞாயிறு காலை, மதுரைப் பயணம். பேருந்து நிலையத்தில் காத்திருப்பேன். தாம்பாளம் என் பொறுப்பு." ஒரு ஒற்றுப்பிழை இல்ல. நானும் ஒரு முழுத் தாள்ல "சரி"ன்னு அடிச்சு அனுப்பிட்டேன். பேசல பாருங்க. ரெண்டு பேருமே பேசல.

ஆமா அண்ணாச்சி. முன் சீட்டுல துண்டப் போத்திக்கிட்டுத் தூங்குறாருல்ல, அவருதான் அத்தான். டிக்கெட் எடுத்தது அவருதான். நான் கேக்கல.

இந்தாங்க, நீங்களே பத்திரிகையப் பாருங்க. எழுத்தப் பாருங்க, அவரு பேரும் எம் பேரும் ஒரே அளவு. முடியளவு கூடக் கொறையல. என் பேருக்குப் பின்னாடி பாத்தீகளா? பி.ஏ. சாயந்தரக் காலேஜுல...

என்ன? யாரு பேசுனா?

"பிரிண்டர் வச்சிருக்கிற தம்பி, திருமங்கலம் வந்தாச்சு, உங்ககிட்டக் கேக்கேன். பி.ஏ., பி.ஏ.ங்கானே, அத ரெண்டு பேப்பர் கோட்ட விட்டு, மறுபடி எழுதி வாங்குனத அவன் சொன்னானா?"

பாத்தீகளா அண்ணாச்சி? கேட்டுச்சுல்ல? துண்ட எடுக்காமலே சொல்றாரு, கேட்டீகளா? பேசிட்டாரு! மொதல்ல வாயத் தெறந்தது அவருதான். நீங்கதான் சாட்சி. எங்க அக்கா கேட்டா நீங்க சொல்லணும், போன் நம்பரு குடுத்துட்டுப் போங்க.

அப்புறம் அத்தான், வெளியூரு ஆளுகிட்டப் பொய் சொல்லாதீக. ரெண்டு இல்ல. ஒண்ணு. ஒரே ஒரு பேப்பருதான்.